பில் இருக்கா?

என் நண்பன் ஒருவனிடம் நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று இருக்கிறது. மிக்சி வாங்கிய பில், மகனுடைய சைக்கிள் பில், மனைவியின் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் நகைக்கடையில் கொடுத்த பில், மூன்று செல்போன்களின் பில். அதில் ஒரு போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்து ஆறு வருடம் ஆகிறது. பில்லை மட்டும் அவன் தூக்கிப் போடவில்லை. கடைகளில் இப்போது தருகிறார்களே, நாலு மாதத்தில் எழுத்தெல்லாம் ஆவியாகிவிடும் வழவழப்பான தாள், அதில் வரும் பில்லை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு சேர்த்துப் பின் அடித்துவிடுவான். நகை பில்லுக்கு லேமினேஷன்.

முதல் தடவை பார்த்தபோது கிண்டல் செய்தேன். "இன்கம்டாக்ஸ்காரன்கூட இவ்வளவு கேக்க மாட்டான்டா."

"இன்கம்டாக்ஸ்காரன் எங்க தெருவுக்கு எதுக்கு வரப்போறான்? வர்றவன் வேற ஆளு" என்றான்.

அவன் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவன். வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிறான். ஐ.டி.ஐ.யில் படித்தவன். நானும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து சேக்காளிகள். உன்னைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. பேரு, ஊரு போடாத. என் பேரு ஏற்கெனவே ஒரு நோட்டுல இருக்கு. அது போதும்."

அந்த நோட்டில் அவன் பெயர் ஏறிய ராத்திரி நான் கூடத்தான் இருந்தேன்.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் சீரியல் செட் போடும் வேலை அவனுக்கு. நான் சும்மா துணைக்குப் போனேன். முடித்துக் கிளம்பும்போது மணி பன்னிரண்டரை. வண்டியை அவன் ஓட்டினான். சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கட்டிங் பிளேயர், டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், கறுப்பு டேப், கொஞ்சம் ஒயர். பைபாஸ் முக்கில் ஜீப் நின்றது. டார்ச் அடித்து ஓரங்கட்டச் சொன்னார்கள்.

"எங்கேர்ந்து வர்றீங்க?" முதல் கேள்வி மரியாதையாகத்தான் வந்தது. சொன்னோம். "எந்த ஊரு?" இரண்டு பேருக்கும் ஒரே ஊர்தான். "ஊர்ல எங்க?" நான் தெருவைச் சொன்னேன். "அப்பா என்ன பண்றாரு?" "வாத்தியார் சார்." டார்ச் அவன் பக்கம் திரும்பியது. அவனும் தெருவைச் சொன்னான்.

அத்தோடு அந்த 'ங்க' போய்விட்டது. "இறங்குடா."

என் தோளிலிருந்து பையை வாங்கி ஜீப் பானட்டில் கொட்டினார்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்து, பையைச் சுமந்து வந்த என்னை விட்டுவிட்டு அவனிடம் கேட்டார் எஸ்.ஐ.: "இது எதுக்குடா?" நான் இடையில் புகுந்து, "சார், பை எங்கிட்டதான் இருந்துச்சு" என்றேன். "தம்பி, நீங்க சும்மா இருங்க" என்றார். நான் 'தம்பி', 'நீங்க'. அவன் 'டா'. இன்னொன்றையும் கவனித்தேன். நான் 'சார்' என்று பேசிக்கொண்டிருந்தேன், அவன் 'ஐயா' என்றான். ஐ.டி.ஐ. பிரின்சிபாலையே 'சார்' என்று கூப்பிட்டுப் பழகியவன். ஒரு டார்ச் வெளிச்சத்தில் அவனுக்குள்ளிருந்து அவன் தாத்தாவின் வார்த்தை வந்தது.

ஸ்டேஷன் பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் என் அப்பா வந்தார், என்னை அழைத்துக்கொண்டு போனார். அவனை மறுநாள் சாயங்காலம்தான் விட்டார்கள். எஃப்.ஐ.ஆர். எதுவும் போடவில்லை. பத்து விரல் ரேகை எடுத்தார்கள், ஸ்லேட்டைப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள், நோட்டில் பெயர் எழுதினார்கள். அடித்தார்களா என்று கேட்டேன். "ரெண்டு" என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

விரல் மை சோப்புக்குப் போகவில்லை. அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவன் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உள்ளே போய் மண்ணெண்ணெய்யும் பழைய துணியும் எடுத்து வந்து மகன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். எதைப் போட்டால் அந்த மை போகும் என்று அந்த அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அந்த மை பழைய மை. 1871-ல் வடக்கே போட்ட சட்டம், 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரில் இருந்தது 'குற்றப் பழங்குடி' என்ற பொருள்தான். தமிழில் அதைக் 'குற்றப் பரம்பரை' ஆக்கியவர் யாரோ, அந்தச் சட்டத்தின் உள்மனசை அதைப் போட்டவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர். திருடினாயா என்று அது கேட்காது, யாருக்குப் பிறந்தாய் என்றுதான் கேட்கும். இந்தச் சமூகம் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் கெஜட்டில் அறிவித்துவிட்டால் போதும், அதைக் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது. மதுரைப் பக்கத்தில் ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பெயரைப் பதிந்து பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் கண்ணில் படுகிற இடத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பெண் எடுத்த ஊருக்கு ஒரு நல்லது கெட்டதுக்குப் போவதற்கும் சீட்டு.

1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று பிரமலைக் கள்ளர்கள் நின்றார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர், சுடுபட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் என்று சொல்வார்கள். இந்தச் சட்டத்துக்கு எதிராக மதுரையில் நின்ற வக்கீல்களில் ஜார்ஜ் ஜோசப் முக்கியமானவர். மலையாளி, கிறிஸ்தவர். கள்ளர்நாட்டு ஜனங்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பையன்களுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைக்கிற வழக்கம் வந்தது இப்படித்தான்.

1947-ல் சென்னை மாகாணம் சட்டத்தை ரத்து செய்தது. 1952 ஆகஸ்ட் 31-ல் நாடு முழுவதும் போனது. அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்டவர்கள் என்று தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருப்பது அந்தக் காலத்தின் எச்சம். பாடப் புத்தகத்தில் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் சென்னையில் ரத்தான மறு வருஷமே, 1948-ல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று ஒன்று வந்தது. சமூகத்தின் பெயர் போய்த் தனி ஆள் பெயர் வந்தது. நோட்டு மட்டும் மாறவில்லை. படிப்பு, நிலம், கட்சி என்று ஏணி கிடைத்த சமூகங்கள் அந்த நோட்டிலிருந்து மெல்ல இறங்கின. இன்றைக்கு அவர்கள் பிள்ளைகள் காக்கிச் சட்டையிலேயே இருக்கிறார்கள், சந்தோஷம். ஏணி கிடைக்காத குறவர்கள் அதே பக்கத்தில் நிற்கிறார்கள். விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தின் ராஜாக்கண்ணு 1993-ல் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பவில்லை. அவரும் குறவர்தான்.

இதில் ஒரு வேடிக்கை. நண்பன் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஆறு தடவை அலைந்தான். நீ குறவன்தான் என்பதற்கு என்ன ஆதாரம், தாத்தா சான்றிதழ் எங்கே, எந்தப் பிரிவு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்டேஷனில் அந்தச் சந்தேகம் யாருக்கும் வந்ததே இல்லை.

'கேடி' என்று நாம் வாய்க்கு வாய் திட்டுகிறோமே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? போலீஸ் பதிவேட்டிலிருந்து. 'நோன் டிப்ரிடேட்டர்' (Known Depredator), அதாவது தெரிந்த கொள்ளைக்காரன், என்பதன் இரண்டு ஆங்கில எழுத்துச் சுருக்கம் கே.டி. ஸ்டேஷன் நோட்டிலிருந்து இறங்கி ஊர் வாய்க்குள் புகுந்து, இப்போது குறும்பு செய்கிற பேரனைக் கொஞ்சும்போதுகூடப் பாட்டிமார் சொல்கிறார்கள். 'தெரிந்த' என்ற சொல்லைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யாருக்குத் தெரிந்த? எப்படித் தெரிந்த? நோட்டில் இருக்கிறதே, அதனால் தெரிந்த.

என் சித்தப்பா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், லஞ்சம் வாங்காமலே சர்வீஸை ஓட்டினார் என்று எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்வோம். அவரிடம் கேட்டேன். தயங்காமல் சொன்னார். "ஒரு வீட்டுல முப்பது பவுன் போச்சுன்னு வை. மேலேர்ந்து ரெண்டு நாள்ல ஆளக் காட்டுன்னுவாங்க. எங்கிட்ட என்ன இருக்கு? நாலு பேரு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு பேரு, ஒரு ஜீப்பு, அந்த நோட்டு. நோட்டுல யாரு இருக்கானோ அவனத்தான் தூக்க முடியும். இல்லாதவன எங்க போய்த் தேடறது?" கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "தூக்கிட்டு வந்தவன வெறுங்கையோட விட்டா கேள்வி வரும். அதனால ஒரு சந்தேக கேஸு போடறது. அது நோட்டுல இன்னொரு வரி ஆயிடும்."

சித்தப்பா தன்னை நியாயப்படுத்திக்கொள்ளத்தான் இதைச் சொன்னார். ஆனால் அந்த இயந்திரம் ஓடுகிற விதத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. சந்தேகத்தால் நோட்டில் ஏறுகிறான், நோட்டில் இருப்பதால் சந்தேகப்படுகிறார்கள். உண்மையில் முப்பது பவுன் எடுத்தவன் நோட்டில் இல்லாத தெருவில் நிம்மதியாகத் தூங்குவான். நியாயம் தர்மத்தை விடுங்கள், திருடனைப் பிடிக்கிற வேலைக்கே இது லாயக்கில்லாத முறை.

சந்தேக கேஸ் என்று அவர் சொன்னது பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு. அதன் இடத்துக்கு வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் எண் 128, சரக்கு அதேதான். ஒளிந்து திரிந்தான், குற்றம் செய்யப் போகிறான் என்று நினைக்க இடமிருந்தது என்று எழுதினால் போதும். ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், முன்னால் நிறுத்தி ஒழுங்காக இருப்பேன் என்று ஒரு வருடம் வரைக்கும் ஜாமீன் பத்திரம் வாங்கலாம். குற்றம் என்று ஒன்று நடந்திருக்க வேண்டியதில்லை. 2022-ல் வந்த குற்ற நடைமுறை அடையாளச் சட்டம், இப்படிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவரின் ரேகை, கருவிழிப் பதிவையெல்லாம் எடுக்க அனுமதிக்கிறது. பதிவுகளை 75 வருடம் வைத்திருக்கலாம். இருபது வயதில் ஸ்க்ரூ டிரைவரோடு மாட்டியவன் தொண்ணூற்றைந்து வயதுவரை பதிவில் இருப்பான்.

தொழில்நுட்பம் வந்தால் இந்தப் பாரபட்சம் குறையும் என்று நம்புகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியுமா என்று கேட்பார்கள். தமிழகக் காவல்துறை 2021-ல் முகமறிதல் மென்பொருளைக் கொண்டுவந்தது. ரோந்து போகிற காவலர் தன் செல்போனில் ஒருவர் முகத்தைப் படம் பிடித்துப் பழைய குற்றவாளிகள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தப் பழைய படங்கள் எங்கிருந்து வந்தவை? ஸ்டேஷன்கள் இத்தனை வருடமாக எடுத்துச் சேர்த்தவை. எந்தத் தெருவில் அதிகம் படம் எடுத்தார்களோ அந்தத் தெருக்காரன் முகம்தான் அதிகம் பொருந்தும். அப்பா மாதிரி மூக்கு இருப்பதும் ஒரு பரம்பரைதானே?

அமெரிக்காவில் கறுப்பர்களை நிறம் பார்த்து நிறுத்துவதை 'ரேசியல் புரொஃபைலிங்' என்கிறார்கள். நம்மூர் போலீசுக்கு நிறம் உதவாது, எல்லோரும் ஒரே நிறம். அதனால் தெருவைக் கேட்கிறார்கள். எனக்கு நியூயார்க் கதையில் பிடித்தது வேறொரு விஷயம். அங்கே தெருவில் ஒருவரை நிறுத்திச் சோதித்தால் போலீஸ்காரர் யு.எஃப்-250 என்ற படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. யாரை, எங்கே, ஏன் நிறுத்தினேன் என்று கட்டங்களில் டிக் அடிக்க வேண்டியிருந்தது. 2011-ல் மட்டும் 6,85,724 நிறுத்தங்கள் பதிவாகியிருந்தன. டேவிட் ஃபிளாய்ட் என்ற கறுப்பரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில் 2004 முதல் 2012 நடுப்பகுதி வரையிலான 44 லட்சம் நிறுத்தங்களை உட்கார்ந்து எண்ணினார்கள். நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கறுப்பர்களும் லத்தீனோக்களும். 100-க்கு 88 பேர்மீது கைதும் இல்லை, வழக்கும் இல்லை. உடம்பைத் தடவிப் பார்த்த சோதனைகளில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதத்தில். ஏன் நிறுத்தினாய் என்ற கேள்விக்குப் போலீஸ்காரர்கள் அதிகம் டிக் அடித்த கட்டங்களில் ஒன்று, 'திருட்டுத்தனமான அசைவு'. ஏறக்குறைய நம்ம 109 பாஷை. 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். 2014-ல் நிறுத்தங்கள் சுமார் 46,000-ஆகக் குறைந்தன. ஊர் கெட்டுப் போகும் என்று பயமுறுத்தினார்கள். கொலை எண்ணிக்கை குறைந்ததுதான் நடந்தது.

அந்த வழக்கை ஜெயிக்க வைத்த முக்கியச் சாட்சி போலீசே நிரப்பிய படிவம். பைபாஸ் முக்கில் எங்களை நிறுத்தியதற்கு எங்கே படிவம் இருக்கிறது? நான் அந்த ராத்திரி நிறுத்தப்பட்டேன் என்பதற்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தமிழ்நாட்டில் போன வருடம் எத்தனை பேரை ராத்திரி நிறுத்தினார்கள், அதில் எத்தனை பேர் எந்தத் தெரு என்று யார் கேட்டாலும் பதில் வராது, ஏனென்றால் எழுதுவதே இல்லை. எழுதுகிற நோட்டை நமக்குக் காட்டுவதில்லை, காட்டினால் நமக்கு உதவுகிறதை எழுதுவதில்லை. சீர்திருத்தம் என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த இரண்டையும் தலைகீழாக்கு என்பேன். நிறுத்தினால் சீட்டு கொடு, காரணத்தை எழுது, நகல் என் கையில் இருக்கட்டும். நோட்டில் பெயர் ஏற்றினால் எனக்குச் சொல், வருடத்துக்கு ஒரு தடவை ஏன் வைத்திருக்கிறாய் என்று வெளியாள் ஒருவர் முன்னால் காரணம் காட்டு, காட்ட முடியாவிட்டால் கிழித்துப் போடு.

வெளியாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே, போலீஸ்மீதான புகாரை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையம் வையுங்கள் என்றது. தமிழ்நாட்டில் 2013-ல் சட்டம் போட்டார்கள். மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் உறுப்பினர். மாமியார் மீதான புகாரை நாத்தனாரிடம் சொல்வது மாதிரி.

நோட்டு விஷயத்தில் கொஞ்சம் வெளிச்சம் 2024-ல் வந்தது. டெல்லி எம்.எல்.ஏ. அமானதுல்லா கான் தன்மீது போலீஸ் 'ஹிஸ்டரி ஷீட்', அதாவது ஒரு ஆளின் குற்ற வரலாற்றை எழுதி வைக்கிற தாள், திறந்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்தத் தாளில் மனைவி, மைனர் பிள்ளைகள் விவரமெல்லாம் இருந்தது. மே 7 தீர்ப்பில் நீதிமன்றம் அவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சீர்மரபினர் போன்ற பின்தங்கிய சமூகத்தவர் பெயர்களைச் சாதிக் கண்ணோட்டத்தோடு இந்தப் பதிவுகளில் ஏற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை வெளிப்படையாகப் பேசியது, மைனர் பிள்ளைகளை அதில் இழுக்கக்கூடாது என்றது, உயரதிகாரிகள் அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்றது, எல்லா மாநிலங்களையும் தங்கள் விதிகளை இதேபோல் திருத்த வேண்டுமா என்று பார்க்கச் சொன்னது. அதே வருடம் அக்டோபர் 3-ல், சிறைகளில் சாதி பார்த்து நடத்துவதை எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சீர்மரபினரைத் தன்னிச்சையாகக் கைது செய்யாதபடி போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

இரண்டு தீர்ப்பையும் நண்பனுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். "நல்லாருக்கு. இத லேமினேட் பண்ணித் தர்றியா?" என்றான். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னான். மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். கூடப் படிக்கிற பையனிடம் நாலாயிரம் ரூபாய்க்குப் பழைய செல்போன் ஒன்று வாங்கியிருக்கிறான். பில் இல்லை, தொலைந்துவிட்டதாம். அப்பா ஒரே பிடியாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல, மகன் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உங்க காலம் வேறப்பா" என்றான். முந்தின வாரம் ஒரு செக்போஸ்ட்டில் காவலர் ஒருவர் தன் போனைத் தூக்கி இவன் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னதை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. நான் உள்ளே நுழைவதற்கு முன் வாசலில் வைத்து என்னிடம்தான் சொன்னான். தெருவைக் கேட்டார்களா என்றேன். கேட்டார்கள் என்றான்.

கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. விற்ற பையனை வரவழைத்து வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவது. இன்ன கம்பெனி போன், பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், இன்ன தேதியில் இன்ன தொகை பெற்றுக்கொண்டு முழுச் சம்மதத்தோடு விற்றேன். நிலம் கிரயம் செய்கிற மாதிரி எழுதினார்கள். விற்ற பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாட்சிக் கையெழுத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். போட்டேன்.

நண்பன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி என்னிடமே நீட்டினான்.

"கீழ விலாசம் எழுதுடா. தெருவோட எழுது."